குன்னூர் வர்க்கி பேக்கரிக்கு மைதா கொள்முதல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். குன்னூரில் அப்பா நடத்திவந்த வர்க்கி பேக்கரியை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மைதா, சர்க்கரை, டால்டா எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வர வேண்டும், ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் லாரி நின்றுவிடும், ஏப்ரல், மே சீசனிலோ சரக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அதிகமாக வாங்கி அடுக்கினாலும் இந்த ஈரத்தில் அடிமூட்டை மைதா கட்டிதட்டி வாடை அடிக்கிறது. ஒரு நாளில் செலவாகும் சரக்கின் அளவை, சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்கி, அதோடு அவசரத்துக்குக் கொஞ்சம் கையிருப்பும் கூட்டி, இருப்பு அந்த அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும், அது புரிகிறது. மழை மாதங்களில் அந்தக் கையிருப்பை எத்தனை நாளுக்கு வைக்கிறீர்கள்?

அப்புறம் சப்ளையர். ஒருவர் மூட்டை விலையைக் குறைத்துச் சொல்கிறார், ஆனால் ஏற்றுக்கூலியும் லாரி வாடகையும் தனி, கடன் கிடையாது. இன்னொருவர் விலை கூடுதல், கடை வாசலில் இறக்கி 15 நாள் தவணையும் தருகிறார். மாவின் தரம் மூட்டைக்கு மூட்டை மாறினால் வர்க்கி அடுக்கடுக்காகப் பிரியாது, எனக்கு அதுதான் முக்கியம். இருவரிடமும் பிரித்து வாங்கலாமா? எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமம், ஜிஎஸ்டி பில் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்? ஊட்டி, கோத்தகிரி பேக்கரி அண்ணன்மார் யாராவது உங்கள் கொள்முதல் நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.