சில்வியா பிளாத்தின் கடிதங்கள்: மேடையில் அம்மா என்ன செய்வார்?

கேள்வி:
அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் அம்மாவுக்கு எழுதிய ‘லெட்டர்ஸ் ஹோம்’ கடிதங்களை இரண்டு நடிகைகளுக்கான மேடை வாசிப்பாகத் தயாரிக்கிறேன். 1950இல் கல்லூரிக்குப் போனதிலிருந்து 1963இல் லண்டனில் இறக்கும்வரை மகள் எழுதிக்கொண்டே இருக்கிறாள். அம்மா ஔரேலியா பேசுவது முன்னுரையிலும் இடைக்குறிப்புகளிலும்தான். ஒத்திகையில் அம்மாவாக நடிப்பவர் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அம்மாவின் பதில்களை நானே எழுதிச் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். 1979இல் ரோஸ் லைமன் கோல்டம்பர்க் இந்த நூலை நாடகமாக்கியபோதும் இரண்டே பெண்கள்தான். 1986இல் பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மான் அதைப் பிரெஞ்சில் படமாக்கினார்; டெல்ஃபின் செரிக்கும் கொராலி செரிக்கும் நடித்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே ஆக்கர்மான், தன் அம்மா பிரஸ்ஸல்ஸிலிருந்து எழுதிய கடிதங்களை நியூயார்க் தெருக்காட்சிகளின்மேல் தானே வாசித்து ஒரு படம் எடுத்திருந்தார். சுரங்க ரயில் வந்தால் வரிகள் அமுங்கிப்போகும். மகளின் பதில் ஒன்றுகூடக் கிடையாது; ஆனாலும் அவள் அங்கேயே நிற்பது நமக்குத் தெரியும்.

ஔரேலியா சுருக்கெழுத்து கற்பித்தவர். மகளின் கடிதங்களிலேயே சுருக்கெழுத்தில் குறிப்பெழுதி வைத்தவர். உங்கள் நடிகையிடம் ஒரு பென்சில் கொடுங்கள். நீல ஏரோகிராமை, அதாவது மடித்து ஒட்டிய விமான அஞ்சல் தாளை, மடிப்புக் கிழியாமல் பிரிக்கட்டும், ஒரு வரியில் நிற்கட்டும், ஓரத்தில் நாலு கீறல் கீறட்டும். அதற்குள் மகள் அடுத்த பத்திக்குப் போயிருப்பாள்.

மறுமொழி 2:
அந்த நூல் 1975இல் அம்மா தொகுத்தது, நிறைய வெட்டியிருக்கிறார். முழுக் கடிதங்கள் 2017, 2018இல் இரு தொகுதிகளாக வந்துவிட்டன. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். 1962 அக்டோபர் கடிதங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். கணவரைப் பிரிந்து, இங்கிலாந்தின் டெவனில் இரண்டு குழந்தைகளோடு, காய்ச்சலோடு இருக்கிறாள். 16ஆம் தேதி, தன் பெயரை நிலைநாட்டப்போகும் கவிதைகளை எழுதிக்கொண்டிருப்பதாக அம்மாவுக்குச் சொல்கிறாள். அதை அழுதபடி சொல்லவிடாதீர்கள். அந்தப் பெண் அப்போது வென்றுகொண்டிருக்கிறாள். உரிமையாளர்களிடம் அனுமதியும் வாங்கிவிடுங்கள்.

கேட்டவர்:
நேற்று பென்சில் கொடுத்துப் பார்த்தேன். மகள் தன் செல்லப்பெயரில் ‘சிவ்வி’ என்று கையெழுத்திட்டு முடித்ததும், அம்மா அந்தப் பெயரின்கீழ் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். கடைசி வரிசைவரை அந்தச் சத்தம் கேட்டது. பதில் எதுவும் எழுதப்போவதில்லை.