புதுப்பிப்பு: நொய்யல் அணைக்கட்டுக் கசிவு

கசிவுக்குச் சிமெண்டுப் பூச்சு போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது. கீழ்ப்புறம் ஊறும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பத்து நிமிஷம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அஸ்திவாரத்து மண் அரித்து வெளியேறுகிறது. அதற்கு மேல்புறம் அடியில் ஊறும் தண்ணீரைத் தடுக்க மண்ணுக்குள் இறங்கும் ஆழமான வெட்டுச்சுவர்; கீழ்ப்புறம் மண்ணைப் பிடித்துத் தண்ணீரை மட்டும் விட ஆற்றுமணல், ஜல்லி, அதன்மேல் பெருங்கல். ஊற்றுக்கண்ணை மட்டும் அடைத்தால் அழுத்தம் கூடி வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும்.

தோட்டக்காரர்கள் சிலர் கேட்கிற மாதிரி அணைக்கட்டை ஒரு அடி உயர்த்துவது எனக்கு ஒப்பவில்லை. வெள்ளத்தில் மேல்புற வயல்கள் மூழ்கும். இடித்தாலோ பக்கத்துக் கிணறுகளில் மட்டம் இறங்கும். வண்டலை எடுத்தாலே கொள்ளளவு கொஞ்சம் மீளும். ஆனால் திருப்பூருக்குக் கீழே அதில் சாயக்கழிவு கலந்திருக்கலாம். உப்பு, உலோகம் பரிசோதிக்காமல் வயலில் கொட்டாதீர்கள், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையில் பட்டது போதும்.