பிரேக்கை மிதித்தால் மட்டும் இன்ஜின் உதறுகிறது (பழைய ஜென், கோத்தகிரி)

தேயிலைக்காடு (கோத்தகிரி):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 1998 மாடல் மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது, இப்போது ஓட்டுவது நான். கொஞ்ச நாளாக ஒரு தொந்தரவு. மார்க்கெட் நெரிசலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் இன்ஜின் உதற ஆரம்பிக்கிறது. கியர் ராடின் குமிழ் கையிலேயே நடுங்குகிறது, சில நேரம் வண்டி ஆஃப் ஆகியும் விடுகிறது. காலை எடுத்தால் உடனே பழையபடி சீராகிறது. ஹேண்ட் பிரேக் போட்டு நின்றால் ஒன்றுமே இல்லை. ஏற்றத்தில் இழுவையும் குறையவில்லை.

பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, கார்புரேட்டரும் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பலன் இல்லை. "பழைய வண்டி அப்படித்தான், ஸ்லோவை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள் பட்டறையில் (ஸ்லோ என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்). எனக்கு மனசு ஒப்பவில்லை. கால் வைத்தால் வந்து, கால் எடுத்தால் போகிற உதறலுக்குக் கார்புரேட்டர் எப்படிக் காரணமாகும்? கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டால், மிதித்திருக்கும் நேரம் முழுக்க பெடலுக்கு மேலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தமும் வருகிறது.

அப்பாவை டாக்டரிடம் காட்ட மேட்டுப்பாளையம் போக வேண்டும். அரவேணு, குஞ்சப்பனை வழியாக முழுக்க இறக்கம். இந்த வண்டியில் இறங்கலாமா?

வெள்ளிமலை:

பிரேக்கை மிதித்தால் பின்னால் பிரேக் லைட் எரியும் அல்லவா? கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பலவீனமாக இருந்தால் அந்த லோடுக்கே ஐடிலிங் (ஸ்லோ) விழும். பேட்டரியையும் எர்த் ஒயரையும் பாருங்கள்.

குன்னூர் பட்டறை:

பிரேக் லைட் என்பதற்கு வாய்ப்பு குறைவு. இரண்டு பல்பும் சேர்ந்து 42 வாட்தான். ஹெட்லைட் போட்டால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் லோடு. பிரேக்கில் கால் வைக்காமல் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கம்மா. அதற்கு வண்டி அசையாமல் நின்றால் கரண்ட் பக்கம் போகவே வேண்டாம்.

நீங்கள் சொன்ன 'உஸ்ஸ்' சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெடலுக்கும், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில், இன்ஜின் அறைப் பக்கம் சட்டி மாதிரி கறுப்பாக ஒன்று இருக்கும், அதுதான் பிரேக் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் அதை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. முன் அறையின் காற்றை இன்லெட் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் கலவை போகும் குழாய்) ஒரு ஓஸ் வழியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீங்கள் மிதிக்கும்போது பின் அறைக்குள் வெளிக்காற்று வரும். அந்தக் காற்றழுத்தம் டயாஃப்ரத்தைத் தள்ளுவதால்தான் கால் லேசாக வைத்தாலே பிரேக் பிடிக்கிறது. நல்ல பூஸ்டரில் மிதிக்கும் கணத்தில் மட்டும் சின்னதாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்டு நின்றுவிடும். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பின் அறைக்கு வந்த காற்று கிழிசல் வழியாக முன் அறைக்குப் போய், அங்கிருந்து நேராக இன்ஜினுக்குள் போகும். கார்புரேட்டரைத் தொடாமல் உள்ளே வந்த காற்று அது, அதற்கேற்ற பெட்ரோல் கூட வராது. கலவை மெலிந்து இன்ஜின் உதறும். காலை எடுத்தால் வெளிக்காற்று அடைபடும், உதறல் நிற்கும். உங்கள் வண்டி செய்வது அப்படியே இதுதான்.

வீட்டு வாசலிலேயே உறுதி செய்யலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதித்தால் அது கட்டையாகிவிடும். மிதித்த காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர் உதவவில்லை.

அடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, பூஸ்டர் ஓஸை மேனிஃபோல்டு முனையில் கழற்றி, அந்தத் துளையை ரப்பர் மூடியால் இறுக்கமாக அடையுங்கள். பழைய ஓஸ் வறண்டிருக்கும், முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். மறுபடி ஸ்டார்ட் செய்து பிரேக்கை மிதியுங்கள். பெடல் கல் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். உதறல் இல்லை என்றால் குற்றவாளி பூஸ்டர்தான். அப்போதும் உதறினால் வேறெங்கோ தேட வேண்டும். ஓஸ் வெடிப்பு, ஓஸில் உள்ள ஒன்வே வால்வில் (காற்றை ஒரே பக்கம் விடுவது) வெளிக்காற்றுக் கசிவு என்றால் பொதுவாகப் பிரேக் மிதிக்காமலே ஐடிலிங் கெட்டிருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை.

ஸ்லோ ஏற்றுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். உதறல் மறையும், ஓட்டை அப்படியே இருக்கும். கூடவே பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். சரிசெய்யும் வரை இந்த வண்டியில் இறங்க வேண்டாம். அப்பாவைப் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ கூட்டிப்போங்கள்.

ஊட்டி டிரைவர்:

குன்னூர் அண்ணா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். மேலே வர வர காற்றழுத்தம் குறைகிறது, ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு இஞ்ச் (பாதரச அளவு) கணக்கில் இன்ஜின் உறிஞ்சும் பலமான வேக்குவமும் குறையும். கடல் மட்டத்தில் 18 இஞ்ச் காட்டுகிற இன்ஜின், கோத்தகிரி உயரத்தில் 12 பக்கம்தான் காட்டும். ஆகவே மலையில் நல்ல பூஸ்டரே கீழே கொடுக்கிற உதவியைக் கொடுக்காது, ஓட்டைப் பூஸ்டர் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேஜ் வைத்துப் பார்க்கிறவர்கள் புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டும் வைத்து 'இன்ஜின் போச்சு' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள், சாவியையே அணைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வேக்குவம் மிஞ்சும், அப்புறம் முழுக்கக் கால் பலம்தான். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள், இரண்டாவது கியர் போதும்.

மேடும் பள்ளமும்:

என் டீசல் ஜீப்பில் இப்படி வந்ததே இல்லையே?

குன்னூர் பட்டறை:

டீசலில் வேக்குவத்துக்குத் தனிப் பம்ப் இருக்கும், மேனிஃபோல்டை நம்பி பூஸ்டர் இல்லை. அங்கே டயாஃப்ரம் கிழிந்தால் பெடல் கட்டையாகும், இன்ஜின் உதறாது.

தேயிலைக்காடு (கோத்தகிரி):

அண்ணா, ரொம்ப நன்றி. ஹெட்லைட் போட்டேன், எந்த மாற்றமும் இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது பெடல் இறங்கவே இல்லை. ஓஸைக் கழற்றி அடைத்துவிட்டு மிதித்தால் கியர் குமிழ் துளி நடுங்கவில்லை! அப்பாவை டாக்ஸியில் கூட்டிப்போகிறோம்.

ஒரு சந்தேகம். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெதுவாகக் குறைந்துகொண்டே வருகிறது. நாலு சக்கரத்திலும் கசிவு இல்லை. மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேருகிற இடத்துக்குக் கீழே பெயின்ட் உரிந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

குன்னூர் பட்டறை:

நிச்சயம் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் தேய்ந்து ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது. தரையில் ஒரு சொட்டு விழாமல் டப்பா காலியாவது இப்படித்தான், டயாஃப்ரம் ரப்பரைக் கெடுத்ததும் அனேகமாக அதுதான். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் கழற்றி முன்னால் இழுத்தால் உள்ளே ஈரம் தெரியும். பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் நனைந்து போகும். இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஓஸும் ஒன்வே வால்வும் புதிதாகவே போடட்டும்.

பூஸ்டர் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பொருத்தும் முன் கட்டாயம் அளக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் ராட் தள்ளிக்கொண்டே இருந்தால் காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தே நிற்கும், இறக்கத்தில் டிரம் சூடாகிவிடும். பழைய ஆயில் முழுவதும் வெளியேறும் வரை நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் (பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றச்) சொல்லுங்கள். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி தாங்கும், ஈரம் குடித்த பிறகு 140 பக்கத்திலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். கடைசியாக, ஸ்லோவை யாராவது ஏற்றியிருந்தால் அதையும் பழைய இடத்துக்கே இறக்கச் சொல்லுங்கம்மா.