புதுப்பிப்பு: அழித்த கோப்புகள் மீண்டும் தலைகாட்டிய பிரச்சினை தீர்ந்தது

பழைய மடிக்கணினியை அக்கா மகனுக்குக் கொடுக்கும் முன், குப்பைத்தொட்டியைக் காலி செய்தும் அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருளில் என் வங்கி ஆவணங்கள் திறக்கின்றன, என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது விண்டோஸிலேயே இருக்கும் சைஃபர் (cipher) கட்டளைதான். டி டிரைவுக்கு, காலி இடத்தைத் துடைக்கச் சொல்லும் /டபிள்யூ (/w) சேர்த்து ஓட்டினேன். அழித்த கோப்புகளின் தரவு இன்னும் தங்கியிருக்கும் காலி இடத்தை 3 முறை நிரப்புகிறது: முதலில் எல்லாம் 0, அடுத்து எல்லாம் 1, கடைசியில் தாறுமாறான எண்கள். இருக்கும் கோப்புகளைத் தொடுவதில்லை. சுழலும் வன்தட்டு என்பதால் ராத்திரி முழுக்க ஓடியது.

எதிர்பாராத ஒன்று. முதல் தடவை பொறுமையிழந்து நடுவில் நிறுத்தினேன். டிரைவில் இடமே இல்லை என்றது! கொஞ்சம் பயந்துவிட்டேன். பார்த்தால், துடைப்பதற்காக அதுவே உருவாக்கிய தற்காலிகக் கோப்புறை அப்படியே கிடந்தது. அதை அழித்ததும் இடம் திரும்பியது.

அப்புறம், சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளிகளில் (கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் சேமித்து வைப்பவை) பழைய பிரதிகள் இருக்கலாம். அவை காலி இடமாகக் கணக்கில் வராது. அவற்றை முதலில் நீக்கிவிட்டுத்தான் மறுபடி ஓட்டினேன். இப்போது மீட்பு மென்பொருள் சில பெயர்களைக் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை.

“எஸ்எஸ்டியா?” என்று ஒருவர் கேட்டது சரியான கேள்வி. எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் சேமிக்கும் டிரைவில், இப்படி மேலெழுதுவதை நம்ப முடியாது. டிரிம் (அழித்த கோப்புகளின் இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள், அல்லது தயாரிப்பாளரின் அழிப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள்.