ஏடிபியைத் தொடாத புரதம் எப்படி ‘ஆற்றல் சார்ந்த’ கடத்தல் ஆகும்?

கேள்வி:
சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் நுழையக் குளுட்1 என்ற கடத்திப் புரதம் வேண்டும். ஆனாலும் அது ஆற்றல் சாராக் கடத்தல்தானாம். சிறுகுடலில் அதே குளுக்கோஸை இழுக்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்தி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் சிதைப்பதே இல்லை. அது மட்டும் ஆற்றல் சார்ந்ததாம். எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

பதில் 1:
புரதம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், செறிவு எந்தப் பக்கம் அதிகம் என்று பாருங்கள். செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் இறங்கினால் ஆற்றல் சாராதது, எதிர்த்து ஏறினால் ஆற்றல் சார்ந்தது. அயனி என்றால் சவ்வின் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். குளுட்1 உள்ளும் வெளியுமாக மாறி மாறித் திறக்கும். நிகர ஓட்டம் எப்போதும் செறிவு குறைந்த பக்கத்துக்கே. உள்ளே வந்த குளுக்கோஸில் ஹெக்சோகைனேஸ் நொதி பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அப்படி மாறியது குளுட்1 வழியே திரும்பாது, அதனால் உள்ளே குளுக்கோஸ் குறைவாகவே இருக்கும். அங்கே ஏடிபி செலவாவது உண்மைதான், கடத்தலுக்காக அல்ல.

பதில் 2:
குடல் செல்லில் பில்லைக் கட்டுவது வேறொருவர். செல்லின் அடிப்பக்கச் (ரத்தத்தை நோக்கிய) சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப், ஒரு ஏடிபிக்கு 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அதனால் சோடியம் வெளியே சுமார் 145, உள்ளே சுமார் 12 மில்லிமோலார். குடற்குழிப் பக்கம் (உணவு இருக்கும் உட்பக்கம்) எஸ்ஜிஎல்டி1, சரிவில் இறங்கும் 2 சோடியத்தோடு 1 குளுக்கோஸை ஏற்றிவிடுகிறது. இரண்டு சோடியம் என்பதால் செறிவு விகிதம் இருமடியாகிறது: 12 மடங்கு சோடியம் வேறுபாடு குளுக்கோஸை உள்ளே ஏறக்குறைய 145 மடங்குவரை சேர்க்கப் போதும், மின்னழுத்தம் தரும் உதவி தனி. இதுதான் இரண்டாம்நிலை ஆற்றல் சார்ந்த கடத்தல். பிறகு குளுக்கோஸ் அடிப்பக்கமாக குளுட்2 வழியே ரத்தத்துக்கு இறங்குவதற்கு ஆற்றல் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் பம்பை நிறுத்தினால் குளுக்கோஸ் நுழைவதும் நின்றுவிட வேண்டுமே? இதைச் சோதனையில் காட்ட முடியுமா?

பதில் 3:
நிற்கும், உடனே அல்ல. ஊவபெயின் என்ற நச்சு பம்பை அடைத்த பிறகும் ஏற்கெனவே உள்ள சோடியம் சரிவு தீரும்வரை குளுக்கோஸ் ஏறும். முதல் சில நிமிடங்களை மட்டும் அளந்துவிட்டு ‘ஏடிபிக்குத் தொடர்பில்லை’ என்று எழுதுவது வழக்கமான பிழை. ஊவபெயினை அடிப்பக்கத்தில் இட வேண்டும். குடற்குழிப் பக்கம் பம்ப் இல்லை.

இதைவிடத் தெளிவானது, குடற்குழிப் பக்கக் கரைசலில் சோடியத்துக்குப் பதில் கோலின் (எஸ்ஜிஎல்டி1 பயன்படுத்த முடியாத நேர் அயனி) போடுவது. எஸ்ஜிஎல்டி1 படுத்துவிடும், குளுட் அசையாது. புளோரிசின் எஸ்ஜிஎல்டியை அடைக்கும், புளோரெட்டின் குளுட்டை. குளுக்கோஸுக்குப் பதில் 3-ஓ-மெதில் குளுக்கோஸ் எடுங்கள். செல் அதைச் சிதைக்காது, எனவே உள்ளே சேர்ந்த அளவை நேராக அளக்கலாம்.

நிறைவுநிலை வளைவை (செறிவைக் கூட்டினாலும் வேகம் ஓர் அளவோடு நின்றுவிடுவதை) மட்டும் நம்ப வேண்டாம். கடத்திப் புரதம் உள்ள இரண்டு வகையிலும் அது வரும். குளிரில் வேகம் குறைவதும் அப்படித்தான்.