பிள்ளைகளின் படைப்பில் பெரியவர்கள் கை: நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

ஓவிய ஆசிரியை (தொடங்கியவர்):
கண்காட்சிக்கு வரும் பொருட்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், எது பிள்ளை செய்தது, எது வீட்டில் யாரோ ராத்திரி கண்விழித்து முடித்தது என்று. காகிதக்கூழ் முகமூடியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் வழவழவென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிள்ளை செய்ததில் பின்னால் செய்தித்தாள் எழுத்து பல்லிளிக்கும்.

காகிதக்கூழுக்கு அவசரம் ஆகாது. ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அப்படித்தான் ஒரு மாணவியின் முகமூடியில் ஒரு பக்கக் கன்னம் உள்ளே அமுங்கிப் போயிருந்தது. அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. பள்ளத்தில் கருப்பு தீட்டி, "ராஜா வேணாம், இவரு பல்லு போன தாத்தா" என்று நாடகத்தில் பாத்திரத்தையே மாற்றிவிட்டாள். பரிசு கிடைத்தது பின்பக்கம் வழவழத்த இன்னொன்றுக்கு! அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். உதவி எந்த இடத்தில் நிற்க வேண்டும்? படம், ஒலி, அச்சு எதுவானாலும் சரி, பார்த்ததைச் சொல்லுங்கள். அறிவுரை ஏற்கெனவே நிறையக் கிடைக்கிறது.

அனிமேஷன் மன்றம் நடத்துபவர்:
களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன்தான் எங்கள் மன்றத்தின் வேலை. நொடிக்கு 12 படம் என்று கணக்கு வைத்தாலே ஒரு நிமிடத்துக்கு 720 படம். இதைச் சொன்னதும் முகங்கள் வாடும். அடுத்த நிமிடமே கதையில் இருந்த போர், வெள்ளம், விண்கலம் எல்லாம் கழன்று, ஒரு நத்தை மேசையைக் கடக்கும் கதை மட்டும் மிஞ்சும். எந்தத் திரைக்கதை வகுப்பும் இவ்வளவு வேகமாகக் கதையைச் சுருக்காது.

ஒரு குழு எடுத்த நத்தைப் படத்தில் வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்தது. காரணம் எனக்குத் தெரியும். போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். எடுத்த படங்களை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த ஒரு பெண், வெள்ளைச் சட்டைப் பையனைக் காட்டி, "நீ குனிஞ்சா எல்லாம் மாறுது" என்றாள். பாதிக் காரணம் அதுதான். சட்டையில் பட்ட வெளிச்சம் மேசைமேல் திரும்ப விழுந்தது, கேமராவும் அதற்கேற்ப மாறியது. அவனைக் கருஞ்சட்டை போட்டுவரச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டும் வழியைக் காட்டினேன். எந்தப் பொத்தான் என்று சொல்லலாம், என்ன கதை என்று சொல்லக்கூடாது. என் எல்லை அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் ஒருவனின் அண்ணன் ஆசையாக வாங்கிப்போய், இடைப்படங்களைக் கணினியே போட்டு நிரப்பும் மென்பொருளில் ஓட்டிக் கொண்டுவந்தார். அசைவு வெண்ணெய் போல வழுக்கியது. ஆனால் களிமண்ணில் பதிந்திருந்த விரல்ரேகைகள் கரைந்து, ஓடு நெளிந்தது. பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். "எங்க நத்தை நடக்கும், இது சறுக்குது" என்று பழைய கோப்பையே திரையிட்டார்கள். அண்ணன் பாவம், ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை.

நூலகப் பணியாளர்:
என்னுடையது சின்ன விஷயம். ஒரே ஏ4 தாளை மடித்து, நடுவில் ஒரு கீறல் போட்டு, 8 பக்கக் குட்டி இதழ் செய்வது தெரியும்தானே? ஒரு பெற்றோர் குழு "நேர்த்தியாக இருக்கட்டும்" என்று பிள்ளைகளின் கதையைக் கணினியில் தட்டச்சு செய்து, எல்லாப் பக்கத்தையும் நேராக வைத்து, நகலும் எடுத்துக் கொண்டுவந்தது. மடித்தால் பாதிப் பக்கங்கள் தலைகீழ்! விரித்த தாளில் மேல்வரிசைப் பக்கங்கள் தலைகீழாக இருந்தால்தான் மடித்த பின் நேராக வரும். முதலில் மடித்துவிட்டு அப்புறம் பென்சிலால் எழுதிய பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. அவர்களுடைய இதழில் எழுத்துப்பிழை இருந்தது, வாசகர்களும் இருந்தார்கள்.

ஒலிப்பதிவு கற்றுத்தருபவர்:
படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒலி கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதனாலேயே பெரியவர்களும் அதில் கைவைப்பதில்லை. எனக்கு அது வசதி.

காட்சிக்கேற்ற சத்தங்களைப் பின்னால் தனியாகச் செய்து சேர்ப்பதற்கு ஃபோலி என்று பெயர், ஹாலிவுட்டில் அதைச் செய்துவந்த ஜாக் ஃபோலியின் பெயரால். செல்லோஃபேன் தாளைக் கசக்கினால் தீ. சோளமாவு அடைத்த துணிப்பையை அமுக்கினால் பனியில் நடக்கும் காலடி. இதை ஒரு தடவை செய்துகாட்டினால் போதும், அதன் பின் பள்ளியில் எந்தப் பொருளும் பத்திரமாக இருக்காது. கதவுக் கீல் சத்தத்துக்காக ஒரு பையன் பள்ளியின் எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்தான். கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது கதவே இல்லை. நாற்காலியில் முதுகைச் சாய்க்கும்போது வரும் முனகல்.

எதிரொலி வராமலிருக்க, துணிகள் தொங்கும் அலமாரிக்குள் தலையை நீட்டிப் பேசவைப்பது எங்கள் வழக்கம். அப்படி ஒரு சிறுமி இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "செய்தி வாசிக்கிற மாதிரி திருத்தமா சொல்லும்மா" என்றார். அடுத்த பதிவில் அவள் குரல் விறைத்துவிட்டது. இரண்டையும் போட்டுக்காட்டி எது வேண்டும் என்று அவளையே கேட்டேன். முதலாவதைக் காட்டினாள். பெரியவருக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. படம் யாருடையது என்று கேட்டேன், விவாதம் முடிந்தது.

வேதியியல் ஆசிரியர்:
எல்லோரும் கையை எடுங்கள் என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நாங்கள் செய்வது சயனோடைப், அதாவது வெயிலில் எடுக்கும் நீலப்படம். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் இந்த முறையில் கடற்பாசிகளைப் படமெடுத்து நூலாக வெளியிடத் தொடங்கிவிட்டார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் கலந்து தாளில் பூச வேண்டும். பெயரைக் கேட்டே பெற்றோர் பயப்படுவார்கள். சாதாரணக் கையாளலில் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் கடும் அமிலம் பட்டால் நச்சு வாயு வரலாம். ஆகவே கலப்பதும் பூசுவதும் நான்தான், கையுறையோடு, மங்கலான வெளிச்சத்தில். இதில் பிள்ளையின் சுதந்திரம் பேசி ஒதுங்கி நிற்க முடியாது. பூசிய தாள் காய்ந்த பிறகு அதன்மேல் என்ன வைப்பது என்பது முழுக்க அவர்கள் பாடு.

பலரும் இலை வைப்பார்கள். வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். ஒரு பையன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். வெயில் காட்டி, தண்ணீரில் அலசினால், சட்டம் மட்டுமல்ல, வில்லைகளும் வெள்ளையாக விழுந்திருந்தன. "சார், இது வழியாத்தான் நான் எல்லாத்தையும் பாக்குறேன், வெளிச்சம் எப்படி நின்னுச்சு?" என்றான். தாள் வேலை செய்வது பெரும்பாலும் புற ஊதாக் கதிருக்கு. அவன் போட்டிருந்த வில்லை அதைத் தடுத்துவிட்டது. அன்று நான் நடத்த வைத்திருந்த பாடம் வேறு, நடந்தது இது. மற்ற பிள்ளைகளும் தங்கள் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஒரு அத்தை:
வேதியியல் சார், உங்களிடம் ஒரு கேள்வி. அண்ணன் மகள் பள்ளியில் துணியில் இதே நீலப்படம் எடுத்திருந்தாள், பெரணி இலை அச்சு. கண்காட்சிக்கு முந்தின நாள் அவள் பாட்டி, "அழுக்கா இருக்கே" என்று சலவைத்தூளில் ஊறப்போட்டுவிட்டார். நீலம் போய் மஞ்சளாக நிற்கிறது. பிள்ளை பாட்டியிடம் பேசுவதில்லை. வீட்டில் போன் வந்தாலே பஞ்சாயத்துதான். இதை மீட்க வழி உண்டா?

வேதியியல் ஆசிரியர்:
வெயிலில் வெளுத்திருந்தால் இருட்டில் சில நாள் வைத்தால் நீலம் பெருமளவு திரும்பும். சலவைத்தூளில் உள்ள காரம் அந்த நீல நிறமியையே சிதைத்துவிடும், அது தானாகத் திரும்பாது. ஆனால் மஞ்சள் நின்ற துணியைத் தூக்கிப் போட வேண்டாம். வேண்டுமென்றே சலவைச் சோடாவில் வெளுக்கவைத்து, கடுங்காப்பியிலோ தேயிலைச் சாற்றிலோ ஊறவைத்துப் பழுப்பாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பாட்டி பாதி வேலையை முடித்துவிட்டார். மீதியைச் செய்வதா, புதிதாக எடுப்பதா என்று அவளிடமே கேளுங்கள். புதிதாக எடுத்தால், துவைக்க வெறும் தண்ணீர் போதும்.