ரெக்கார்டு பிளேயரில் ஓயாத உறுமல்: உதவி தேவை

பல்லடத்தான்: வணக்கம். ரெக்கார்டு பிளேயரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால், பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்ற உறுமல் விடாமல் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் உறுமலும் கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு உறவினர்கள் வருகிறார்கள். அதற்குள் சரி செய்தாக வேண்டும். என்ன செய்யலாம்?

சூலூர் நேயர்: எந்த பிளேயர், எந்த ஆம்ப்ளிஃபயர்? பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ உள்ளீடு ஆம்ப்ளிஃபயரிலேயே இருக்கிறதா, அதற்கெனத் தனி பிரீஆம்ப் வைத்திருக்கிறீர்களா? ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜ் காந்த வகையா, பழைய பெட்டி பிளேயர்களில் வரும் செராமிக் வகையா? இவை தெரியாமல் பதில் சொல்வது கடினம்.

சோமனூர் தறி: பல்லடம் என்றாலே பக்கத்தில் விசைத்தறி ஓடும். தறி மோட்டார்களும் உங்கள் வீடும் ஒரே லைனில் இருந்தால் உறுமல் வரத்தான் செய்யும். தறிகள் நின்ற நேரத்தில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

ஒலிப்பித்தன்: இதே கேள்விக்கு இங்கே பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன்; புதியவர்கள் தேடிப் படிக்காமலே கேட்பது வருத்தமளிக்கிறது. காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். போனோ பகுதி அதை ஏறத்தாழ 100 மடங்கு பெருக்குவதோடு, ரெக்கார்டில் குறைத்துப் பதிந்த தாழ்ந்த ஒலிகளை மீட்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி 50 ஹெர்ட்ஸை 1000 ஹெர்ட்ஸைவிட 17 டெசிபெல் அளவுக்குக் கூடுதலாகத் தூக்குவதால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இம்மியளவு உள்ளே புகுந்தாலும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்கும். தறி மோட்டார் கரகரப்பைத் தருமே தவிர, இப்படிச் சீரான உறுமலைத் தராது.

சோமனூர் தறி: தறிக்கு நடுவே வாழ்கிறவன் சொல்கிறேன். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் எல்லாச் சத்தமும் வரும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

ஒலிப்பித்தன்: எர்த் குழி உயிரைக் காப்பதற்கு. பிளேயரின் எர்த் வயர் வேறு, அது வேறு.

கோபி ரசிகர்: ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் உறுமல் போய்விடும், எனக்குப் போயிற்று.

பவானிக்கரை: கோபி அண்ணா, தயவுசெய்து அதைப் பரிந்துரைக்காதீர்கள். உள்ளே ஒரு வயர் உரசி 230 வோல்ட் பெட்டியின் மேல் ஏறினால், தொடுகிற பிள்ளைதான் அடிபடும். பல்லடத்தாரே, ரெக்கார்டு சுழலாதபோது சத்தத்தைச் சற்றுக் கூட்டி, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் உலோகப் பகுதியை விரலால் தொடுங்கள். உறுமல் மாறினால் ஆர்முக்கு எர்த் கிடைக்கவில்லை என்று பொருள். சிவப்பு, வெள்ளை வயர்களோடு மெல்லிய தனி வயர் ஒன்று வரும். அதன் நுனியில் கவை போன்ற லக் இருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை ஆம்ப்ளிஃபயரின் ஜி.என்.டி. (எர்த்) திருகில் இறுக்குங்கள். லக்கை மெல்ல இழுத்தும் பாருங்கள். உறை முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே செம்பு இழைகள் அற்றிருப்பதுண்டு. அதன்பிறகும் உறுமினால், ஆம்ப்ளிஃபயரைப் பிளேயரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், ஏனெனில் அதன் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் பிடித்துக்கொள்ளும்.

பல்லடத்தான்: லக் அருகே உறைக்குள் இழை அற்றிருந்தது. நறுக்கி, உறையை நீக்கித் திருகினேன். உறுமல் நின்றுவிட்டது. அனைவருக்கும் நன்றி.

சூலூர் நேயர்: மகிழ்ச்சி. பிளேயர் எந்த மாடல் என்பதையும் எழுதிவிடுங்கள். அதே பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.